துணியும் மதிலும் இரும்பும்: கர்ட்டன் என்னும் சொல் பொருள் பெற்ற வழி



கர்ட்டன் என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஜன்னலில் தொங்குவது கர்ட்டன். கடையில் மீட்டர் கணக்கில் அளந்து வாங்குவது கர்ட்டன் துணி. தமிழில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். ஆங்கிலத்திலோ அது கோட்டையின் மதிலைக் குறிக்கிறது. உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவரையும், நாடகத்தின் முடிவையும், பேச்சுவழக்கில் ஒருவரின் மரணத்தையும் குறிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்து வைத்த எல்லைக்கும் அதுவே பெயர். இத்தனை பொருள்கள் எப்படி வந்தன என்று கேட்டால் நமக்குப் பழக்கமான விடை ஒன்று உண்டு: தொங்கும் துணி என்பதே அடிப்படைப் பொருள், மற்றவை அதிலிருந்து கற்பனையால் கிளைத்த உருவகங்கள். இந்த விடை போதாது என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். இந்தச் சொல்லின் ஒவ்வொரு புதுப் பொருளும் ஒரு தொழிலாளியின் கையில் உருவான ஒரு பொருளிலிருந்து, அது தொங்கிய இடத்திலிருந்து, அது அசைந்த விதத்திலிருந்து வந்தது. கல்தச்சரும் மேடைக் கம்மியரும் தீயணைப்புச் சட்டம் எழுதியவர்களும் செய்து வைத்ததைத்தான் கவிஞர்களும் அரசியல்வாதிகளும் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். இதை மறந்தால் வரலாற்றைப் பிழையாகப் படிப்போம், மொழிபெயர்ப்பிலும் தவறுவோம்.

தொடக்கத்திலேயே ஒரு வியப்பு இருக்கிறது. ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக, பிற்கால லத்தீனின் கோர்ட்டீனா என்ற சொல்லிலிருந்து வந்தது. செவ்வியல் லத்தீனில் கோர்ட்டீனா என்பது வட்டமான கொப்பரை. அது திரைச்சீலையின் பெயராக நிலைபெற்றது விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில். யாத்திராகமத்தின் 26ஆம் அதிகாரத்தில் வனாந்தரக் கூடாரத்துக்கான பத்துத் திரைகளின் அளவு சொல்லப்படுகிறது: ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம், ஐந்து ஐந்தாக ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். இதே இடத்தில் கிரேக்க மொழிபெயர்ப்பு கையாண்ட சொல், முற்றம் என்று பொருள்படும் ஔலே என்பதிலிருந்து பிறந்தது. லத்தீன்காரர்களும் தங்கள் மொழியில் முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதே வழியில் ஒரு பெயரை ஆக்கிக்கொண்டார்கள் என்பது சொற்பிறப்பியலார் தரும் விளக்கம். அப்படியானால் பெயர் துணியிலிருந்து வரவில்லை; துணி சூழ்ந்து நின்ற இடத்திலிருந்து வந்தது. அந்தக் கூடாரத்தில் திரைகள் சுவரை மறைக்கத் தொங்கவில்லை. அவையே ஓர் இடத்தை உள், வெளி என்று பிரித்தன. ஆக, மறைக்கும் துணி, வளைத்து அடைக்கும் எல்லை என்ற இரண்டு இழைகள் முதலிலிருந்தே இந்தச் சொல்லுக்குள் பின்னிக் கிடக்கின்றன.

இரண்டாவது இழைக்குக் கோட்டையே சான்று. ஐரோப்பியக் கோட்டைக் கலையில் இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே நீளும் மதில் கர்ட்டன் எனப்பட்டது. கொத்தளம் முன்னே பிதுங்கி நிற்கும். அதிலிருந்து பக்கவாட்டில் சுட்டு நடு மதிலைக் காக்கலாம். இரு முனைகளில் பிடித்துக் கட்டிய துணியைப் போல மதில் இரு கொத்தளங்களுக்கு இடையே நீண்டு கிடக்கிறது என்பதால் இந்தப் பெயர் பொருந்தியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டடக் கலையில் வேறொரு சுவர் தோன்றியது. எடையை இரும்புச் சட்டகம் தாங்கிக்கொள்ள, வெளிப்புறத்தில் கண்ணாடி வெறுமனே பொருத்தப்பட்டது. லிவர்பூல் நகரில் பீட்டர் எல்லிஸ் 1864இல் கட்டிய ஓரியல் சேம்பர்ஸ் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1918இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹாலிடி கட்டடமும், 1952இல் நியூயார்க்கின் லீவர் ஹவுஸும் இந்த முறையை நகரங்களின் முகமாகவே ஆக்கின. இந்தக் கண்ணாடிச் சுவருக்கும் ஆங்கிலத்தில் கர்ட்டன் சுவர் என்றே பெயர். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. பெயர் வந்த காரணம் மட்டும் நேர் எதிரானது. கோட்டையின் கர்ட்டன் பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டிய கனத்த மதில். கண்ணாடிக் கர்ட்டன் தன் எடையையும் காற்றின் அழுத்தத்தையும் சட்டகத்திடம் ஒப்படைத்துவிட்டு, கட்டடத்தின் சுமை எதையும் தாங்காமல் தொங்குவது. திரை என்ற பொதுக் கற்பனையிலிருந்து இரண்டையும் விளக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். கல்தச்சரின் வேலையையும் இரும்புச் சட்டகம் கட்டியவரின் வேலையையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் தெளிவாகிவிடும்.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊகித்தால் எங்கே தவறுவோம் என்பதற்கு லண்டனிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஷோர்டிச் பகுதியில் 1577இல் கர்ட்டன் என்ற பெயருடைய நாடக அரங்கு எழுந்தது. ஷேக்ஸ்பியரின் குழு அங்கே நடித்திருக்கிறது. நாடக அரங்குக்குக் கர்ட்டன் என்று பெயர் என்றால், மேடைத்திரையை வைத்துத்தான் பெயரிட்டிருப்பார்கள் என்று இன்றைய வாசகர் உடனே முடிவு செய்வார். ஆனால் அந்தக் காலத்துப் பொது அரங்குகளில் மேடையின் முன்னால் ஏறி இறங்கும் திரையே கிடையாது; மேடை மூன்று பக்கமும் பார்வையாளருக்குத் திறந்திருந்தது. அரங்கு நின்ற நிலத்துக்கே அந்தப் பெயர் முன்பிருந்தது. வளைத்து அடைக்கப்பட்ட இடம் என்ற பழைய பொருளில் வந்த பெயர் அது. அந்த வட்டாரத்தில் கர்ட்டன் சாலை இன்றும் இருக்கிறது. 2012இல் அரங்கின் எச்சங்களைத் தொல்லியலாளர் கண்டறிந்தனர். பின்னர் நடந்த அகழாய்வில் அது வட்டமாக இல்லாமல் நீள்சதுரமாக இருந்தது தெரியவந்தது. மண்ணைத் தோண்டித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியைப் பெயரைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

வீட்டுக்குள் வருவோம். ஐரோப்பாவின் வசதியான வீடுகளில் நான்கு தூண் கட்டிலைச் சுற்றிக் கனத்த திரைகள் தொங்கின. குளிரைத் தடுப்பது முதல் வேலை. தனிமை தருவது அடுத்தது. வேலையாட்கள் நடமாடும் வீட்டில் கணவனும் மனைவியும் பிறர் காதில் விழாமல் பேசக்கூடிய இடம் அந்தத் திரைக்குள் மட்டுமே. இதனால்தான் படுக்கையில் மனைவி கணவனைக் கடிந்து பேசும் பேச்சுக்குக் கர்ட்டன் விரிவுரை என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியில் இந்தப் பதிவு இருக்கிறது. டக்ளஸ் ஜெரால்டு 1845இல் பஞ்ச் என்ற நகைச்சுவை இதழில் இதே தலைப்பில் ஒரு தொடரே எழுதினார். கட்டில் திரைகள் வழக்கொழிந்த பின் அந்தச் சொற்றொடரும் பேச்சிலிருந்து மறைந்தது. பொருள் போனதும் சொற்பொருளும் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வளமான களம் நாடக மேடை. திரை விழுந்தது என்றால் முடிவு, திரை உயர்ந்தது என்றால் தொடக்கம் என்பது மனித மனத்துக்கு இயல்பான பொருள் என்று நாம் நம்புகிறோம். பண்டைய ரோம் அதை மறுக்கிறது. ரோமானிய அரங்கில் நாடகம் தொடங்கும்போது திரை கீழே இறங்கி மேடையின் முன்புறப் பள்ளத்துக்குள் போய்விடும். நாடகம் முடியும்போது அது கீழிருந்து மேலே எழும். அப்போது துணியில் நெய்த உருவங்கள் தலையிலிருந்து மெல்ல மெல்லத் தெரியும். அந்தப் பார்வையாளருக்குத் திரை இறங்குவது தொடக்கம், எழுவது முடிவு. இறங்குவதற்கு முடிவு என்ற பொருளைத் தந்தது பிற்கால ஐரோப்பிய மேடையின் கயிறும் உருளையும்தான். அந்தப் பொறியமைப்பு நிலைபெற்ற பிறகே, முதன்மை நாடகத்துக்கு முன் போடும் சிறு நாடகத்துக்குத் திரை உயர்த்துவது என்ற பெயரும், நாடகம் முடிந்து நடிகர்கள் மீண்டும் வந்து வணங்குவதற்குத் திரை அழைப்பு என்ற பெயரும், ஒருவர் கதை முடிந்தது என்பதற்குக் கர்ட்டன் என்ற கொச்சை வழக்கும் பிறந்தன. இந்திய ஆங்கிலப் பத்திரிகை அலுவலகங்களில் ஒரு போட்டிக்கோ விழாவுக்கோ முந்தைய நாள் எழுதும் அறிமுகச் செய்தியைக் கர்ட்டன் ரெய்சர் என்கிறார்கள். சிறு நாடகத்தைப் பார்த்தே இராத நிருபரும் மேடைத் தொழிலின் சொல்லைத்தான் புழங்குகிறார்.

என் வாதத்தின் மையம் இரும்பில் இருக்கிறது. எண்ணெய் விளக்கும் பின்னாளில் எரிவாயு விளக்கும் வண்ணம் பூசிய துணிகளும் நிறைந்த மேடையில் தீ எப்போதும் காத்திருந்தது. 1794இல் புதிதாகக் கட்டப்பட்ட லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே இறக்கக்கூடிய இரும்புத்திரை பொருத்தப்பட்டது. திறப்பு விழாவில் அதைப் பார்வையாளருக்கு இறக்கியும் காட்டினார்கள். ஆனாலும் 1809 பிப்ரவரி 24 அன்று அந்த அரங்கு எரிந்துபோனது. வியன்னாவின் ரிங் அரங்கில் 1881 டிசம்பர் 8 அன்று தீப்பிடித்தபோது இரும்புத்திரை இறக்கப்படவில்லை. அதிகாரப்பூர்வக் கணக்கில் 384 பேர் மாண்டனர். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர அரங்கில் 1887இல் 186 பேர் இறந்தனர். சிகாகோவின் இரோகுவா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று கல்நார்த் திரை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பலியானவர்கள் 602 பேர். இத்தனை உயிர்களை இழந்த பின்னர்தான் பாதுகாப்புத்திரை சட்டமாயிற்று. பிரிட்டனில் ஒவ்வொரு காட்சியின்போதும் பார்வையாளர் கண்முன்னே அதை ஒருமுறை இறக்கிக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. இதன் விளைவு மொழிக்கு முக்கியமானது. நாடகம் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் இரும்புத்திரை கீழே இறங்குவதைக் கண்ணால் கண்டிருந்தார்கள். அது எதற்கென்றும் அறிந்திருந்தார்கள். தீ இருக்கும் பக்கத்தையும் மக்கள் இருக்கும் பக்கத்தையும் பிரிப்பது அது.

இந்தப் பின்னணியோடு அரசியல் வழக்கைப் பாருங்கள். இரும்புத்திரை என்ற தொடரை வின்ஸ்டன் சர்ச்சில் 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் ஆற்றிய உரையில் படைத்தார் என்பது பரவலான நம்பிக்கை. அது பிழை. 1819இல் மன்ஸ்டர் பிரபு வெளியிட்ட இந்தியப் பயண நூலிலேயே அந்தத் தொடர் இருக்கிறது. புந்தேல்கண்டில் ஆங்கிலப் படையைக் காலரா வாரிக்கொண்டு போயிற்று. 1817 நவம்பரில் படை பெத்வா ஆற்றைக் கடந்ததும் சாவு குறைந்தது. தங்களுக்கும் பழிவாங்கும் தூதனுக்கும் இடையே இரும்புத்திரை விழுந்ததுபோல இருந்தது என்று அவர் எழுதினார். ட்ரூரி லேனில் இரும்புத்திரை வந்து கால் நூற்றாண்டே ஆகியிருந்தது. பேரழிவிலிருந்து உயிரைக் காப்பது என்ற மேடைப் பொருள் அப்படியே அங்கே நிற்கிறது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் வெர்னான் லீ என்ற எழுத்தாளர் பிரிட்டிஷ் மக்களையும் ஜெர்மானிய மக்களையும் போர் பிரித்ததைச் சொல்ல இதே தொடரை எடுத்தார். 1918இல் ரஷ்ய எழுத்தாளர் வசீலி ரோசானவ் அதை முழு நாடகக் காட்சியாகவே விரித்தார்: ரஷ்ய வரலாற்றின் மீது இரும்புத்திரை இறங்குகிறது, காட்சி முடிகிறது, பார்வையாளர் எழுகிறார்கள், ஆனால் போட்டுக்கொள்ள மேலங்கியும் இல்லை, போய்ச்சேர வீடும் இல்லை. 1920இல் பிரிட்டிஷ் அரசியலாளர் எத்தெல் ஸ்னோடன் தன் ரஷ்யப் பயண நூலில் அந்தத் திரைக்குப் பின்னால் வந்துவிட்டதாக எழுதினார். 1945 பிப்ரவரியில் நாஜி ஜெர்மனியின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் சோவியத் ஆதிக்கத்தைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு மே 12 அன்று சர்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு அனுப்பிய தந்தியிலும் அது வந்தது. ஃபுல்டன் உரை அதை உலகறியச் செய்தது, உருவாக்கவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். இரும்பு, திரை என்ற இரண்டு சொற்களையும் சேர்க்க மேடைப் பொறி எதற்கு? உறுதி என்றால் இரும்பு, மறைப்பு என்றால் திரை. எந்தப் பேச்சாளரும் தானாகவே சேர்த்திருக்கலாமே? இதற்கு என் முதல் விடை வினைச்சொல்லில் இருக்கிறது. ஜன்னல் திரையும் கட்டில் திரையும் பக்கவாட்டில் நகர்பவை. ஆங்கிலத்தில் அவற்றை இழுப்பது என்பார்கள். விழுந்தது என்று சொல்வதில்லை. ஆனால் மன்ஸ்டர் விழுந்தது என்கிறார், ரோசானவ் இறங்குகிறது என்கிறார், சர்ச்சில் தந்தியில் கீழே இழுக்கப்பட்டது என்றும் ஃபுல்டனில் இறங்கியிருக்கிறது என்றும் சொல்கிறார். மேலிருந்து கீழே வரும் திரை மேடையில்தான் இருக்கிறது. இரண்டாவது விடை திசையில் இருக்கிறது. மதில் என்றால் இரு பக்கமும் ஒன்றுதான். அதற்கு முன்புறம், பின்புறம் என்று இயல்பாக எதுவும் இல்லை. ஆனால் மேற்கில் எழுதியவர்கள் எல்லாரும் கிழக்கு ஐரோப்பாவை இரும்புத்திரைக்குப் பின்னால் இருக்கும் நாடுகள் என்றே குறித்தார்கள். திரைக்குப் பின்னால் இருப்பது மேடை. முன்னால் இருப்பது பார்வையாளர். தீப்பிடித்த மேடையாகக் கிழக்கையும், காப்பாற்றப்பட வேண்டிய அவையாகத் தன்னையும் மேற்கு வைத்துக்கொண்டது. வாதம் எதுவும் சொல்லாமலே அந்த இடப்பகிர்வை அந்தச் சொல் செய்துவிட்டது. கிழக்கு ஜெர்மனி அரசு தான் 1961இல் எழுப்பிய பெர்லின் சுவருக்குப் பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண் என்று பெயரிட்டதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். யார் யாரிடமிருந்து காக்கப்படுகிறார்கள் என்பதுதான் இரு தரப்பின் சொற்போராக இருந்தது.

இன்னொரு மறுப்பு மொழியியலாரிடமிருந்து வரும். சொல்லின் பொருள் இன்றைய வழக்கில் இருக்கிறது. பிறப்பைத் தோண்டுவது பேசுகிறவருக்குத் தேவையற்றது. பழைய பொருளே உண்மைப் பொருள் என்று வாதிடுவது பிழை. இதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். கோர்ட்டீனா முற்றத்திலிருந்து வந்தது என்பதால் இன்றைய ஜன்னல் துணியை முற்றம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது பழைய பொருளைத் திணிக்கும் உரிமையை அல்ல. ஒரு சொல்லைச் சான்றாக வைத்து வரலாற்றை எழுதும்போதோ, அதை வேறொரு மொழிக்குக் கொண்டுபோகும்போதோ, அது எந்தப் பருப்பொருளிலிருந்து வந்தது என்று கேட்பது கடமை என்கிறேன். இந்தக் கடமையை விட்டதால் இந்திய நாடக வரலாற்றிலேயே ஒரு பெரும் சர்ச்சை எழுந்தது. சமஸ்கிருதத்தில் திரையைக் குறிக்கும் யவனிகா என்ற சொல்லில் யவனர், அதாவது கிரேக்கர், என்ற ஒலி இருப்பதைக் கொண்டு, இந்திய நாடகமே கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியது என்ற கருத்துக்கு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் சிலர் வலுச்சேர்த்தனர். ஆனால் கடன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கிரேக்க அரங்கில் அப்படிப்பட்ட திரை இருந்ததற்குச் சான்று இல்லை. யவன வணிகர் கொண்டுவந்த துணியைப் பெயர் குறித்திருக்கலாம் என்றும், விரைவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த ஜவனிகா என்பதே மூலவடிவம் என்றும் பின்வந்தோர் மறுமொழி தந்தனர். துணி எங்கிருந்து வந்தது என்பதும் கலை எங்கிருந்து வந்தது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

தமிழுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைத்திரைகளை மூன்றாகப் பிரிக்கிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத்திலிருந்து வருவது, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது, மறைந்திருந்து மேலிருந்து இறங்குவது. துணியின் நிறத்தையோ நெசவையோ வைத்துப் பெயரிடவில்லை. அசைவை வைத்துப் பெயரிட்டார்கள். மேடையில் கயிறு பிடித்தவரின் அறிவு அந்தப் பெயர்களில் பதிந்திருக்கிறது. ஆனால் அண்மைக் காலத்தில் ஆங்கிலச் சொற்களை ஏற்கும்போது இந்தக் கவனத்தை நாம் கைவிட்டோம். இரும்புத்திரை என்ற தொடர் செய்தித்தாள் வழியாகத் தமிழுக்கு வந்தது. 1960இல் ஒரு திரைப்படத்தின் பெயராகவும் ஆயிற்று. ஆனால் நம் நாடகக் கொட்டகைகள் அறிந்தவை துணித்திரையும் வண்ணம் தீட்டிய படுதாவும். தீக்காகப் பார்வையாளர் கண்முன் இறக்கப்படும் இரும்பு நம் நினைவில் இல்லை. அதனால் தமிழில் இரும்புத்திரை கடக்க முடியாத தடை என்ற பொருளை மட்டும் தருகிறது; காப்பு என்ற பாதிப் பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் மேடையின் பாதுகாப்புத்திரைக்கும் அரசியல் எல்லைக்கும் ஒரே பெயர்தான். அங்கே நாடகம் பார்க்கும் சாதாரண மனிதருக்கும் அந்த உறவு எளிதில் எட்டும்.

கர்ட்டன் என்ற கடன்சொல்லே இதற்கு இன்னொரு சான்று. ஆங்கிலத்தில் அவ்வளவு பொருள்களைச் சுமக்கும் சொல் தமிழுக்கு வந்தபோது ஜன்னல் துணியை மட்டும் கொண்டுவந்தது. வாசல் நிலையில் தொங்குவதை ஸ்கிரீன் என்று அழைக்கும் வீடுகளும் உண்டு. மேடைக்கும் சினிமாவுக்கும் திரை என்ற நம் சொல் ஏற்கெனவே இருந்தது. அங்கே அந்நியச் சொல்லுக்கு இடம் தேவைப்படவில்லை. சொற்கள் தனியே பயணம் செய்வதில்லை, பொருள்களோடு சேர்ந்தே பயணம் செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உருவகமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், உருவகங்களும் சொல்லோடு கூடவே வந்திருக்க வேண்டும்.

இந்த வாதத்திலிருந்து நம் அகராதிப் பணிக்கு ஒரு வேண்டுகோள் பிறக்கிறது. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு பொருளும் முதலில் எப்போது, எந்த எழுத்தில் தோன்றியது என்று மேற்கோளோடு காட்டியது. மன்ஸ்டர் பிரபுவையும் சர்ச்சிலையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க இத்தகைய உழைப்பே வழி செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இலக்கியச் சான்றுகளைத் தந்து நமக்குப் பெரும் அடித்தளம் அமைத்தது. அடுத்த படியாக ஒவ்வொரு சொல்லோடும் மூன்று செய்திகளைச் சேர்க்க வேண்டும்: அது எந்தத் தொழிலில் புழங்கியது, அது குறித்த பொருள் எந்த இடத்தில் இருந்தது, அதோடு எந்த வினைச்சொல் சேர்கிறது. திரை விழும், விலகும், உயரும், கிழியும். ஒவ்வொரு வினையும் வேறொரு திரையைக் காட்டுகிறது. படுதா கட்டியவர்களும் சீன் எழுதிய ஓவியர்களும் நாடகக் கொட்டகைப் பணியாளர்களும் புழங்கிய சொற்களை, அவற்றை அறிந்தவர்கள் வாழும்போதே தொகுத்தாக வேண்டும். அந்தத் தொகுப்பு இல்லாமல் நாளைய மாணவர் நம் நாடக வரலாற்றை எழுத அமர்ந்தால், அவருக்கும் ஒலி ஒற்றுமை ஒன்றே வழிகாட்டியாக மிஞ்சும். பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் நாடகத் துறைகளும் சேர்ந்து இந்தப் பணியை இப்போதே தொடங்க வேண்டும் என்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன்.